நாலடி மீன் தொட்டியில் டாரன்டுலா: பழைய தொட்டியைத் தடுத்து அறை பிரிக்கலாமா?

மில்டன்கீன்ஸ்_முத்து

வணக்கம். அலுவலக நண்பர் ஒருவர் வீடு மாறுகிறார். அவரிடமிருந்து நாலடி மீன் தொட்டி ஒன்றை 40 பவுண்டுக்கு வாங்கிவந்தேன். 48 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம், 10 மி.மீ. கண்ணாடி, கூடவே மரத் தாங்கி. பின் மூலையில் தண்ணீர் கசிகிறது, அதனால்தான் இந்த விலை. நான் தண்ணீர் ஊற்றப் போவதில்லை என்பதால் எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் மூன்று டாரன்டுலாக்கள் (பெரிய முடிச் சிலந்திகள்) இருக்கின்றன. சுருள்முடி என்று சொல்லும் டிலில்டோகாட்டில் அல்போபிலோசஸ், பெண், கால் அகலம் (விரித்த கால்களின் நுனி முதல் எதிர் நுனி வரை) 14 செ.மீ. அடுத்தது சாக்கோ பொன்முழங்கால், கிராமோஸ்டோலா புல்க்ரிபெஸ், 18 செ.மீ. மூன்றாவது மெக்சிகோ சிவப்புமுழங்கால், பிராகிபெல்மா ஹமோரி, இன்னும் குட்டிதான், 8 செ.மீ. மூன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டிகளில், மாடியறை அலமாரியில் இருக்கின்றன. மகளுக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்ததும் பார்க்க வேண்டும் என்கிறாள், ஒவ்வொரு முறையும் பெட்டியை இறக்க எனக்கு மனமில்லை. வரவேற்பறையில் இந்தத் தொட்டியை வைத்துவிட்டால் சரியாக இருக்கும்.

என் திட்டம்: இரண்டு அக்ரிலிக் தகடு வைத்துத் தடுத்து மூன்று அறை. கீழே நாலு விரற்கடை கோகோ பீட் (தென்னைநார்த் தூள்). மேலே முழு நீளத்துக்கு ஒரே கம்பிவலை மூடி. இதில் என்ன தப்பு இருந்தாலும் சொல்லுங்கள், வேலையைத் தொடங்கவில்லை.

ஹாரோ_வன்னியன்

தம்பி, தொடங்க முதல் கேட்டது நல்லது. ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனி அறை என்று யோசித்திருக்கிறீர்கள், அதுவும் நல்லது. இதே கேள்வியோடு வரும் பலர் "பெரிய தொட்டிதானே, ஒன்றாக விட்டால் என்ன" என்று கேட்பார்கள். இந்த மூன்று இனமும் தனிமையில் வாழ்பவை. ஒன்றாக விட்டால் ஒன்று மிஞ்சும்.

ஆனால் நீங்கள் எழுதிய மூடி, மண், தடுப்பு மூன்றையும் மாற்ற வேண்டும். முக்கியமானது மண். 18 அங்குல உயரத் தொட்டியில் நாலு விரற்கடை மண் போட்டால், மண்ணுக்கும் மூடிக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் கிட்ட வெற்றிடம். தரையில் வாழும் டாரன்டுலாவும் இரவில் கண்ணாடி மூலையைப் பிடித்து ஏறும். ஏறிக் கை வழுக்கினால் பருத்த வயிறு அடிபட்டு வெடிக்கும். அதற்கு நம்மைப் போல இரத்தக் குழாய்கள் உடல் முழுக்க ஓடவில்லை. உடல் நீர் அழுத்தத்தில்தான் கால்களை நீட்டுகிறது. வயிற்றில் சின்னப் பிளவு வந்தாலே நீர் வெளியேறி, கால் மடங்கிச் சாகும். மீன் தொட்டியில் டாரன்டுலா வளர்ப்பதில் மிகப் பெரிய ஆபத்து இந்த உயரம்தான்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மண் மட்டத்திலிருந்து மூடி வரை உள்ள இடைவெளி, கால் அகலத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் சுருள்முடிக்கு 21 செ.மீ. சாக்கோவுக்கு 27 செ.மீ. உள் உயரம் ஏறக்குறைய 44 என்று வைத்தால், சுருள்முடிக்கு 23 செ.மீ. மண் வேண்டும். குட்டிக்கோ 12 செ.மீ. இடைவெளிதான், அதாவது 32 செ.மீ. மண். சின்னச் சிலந்திக்குத்தான் அதிக மண் என்பது இந்தத் தொட்டியின் குணம். அந்தக் குட்டியை இப்போதைக்குப் பெட்டியிலேயே விடுங்கள். பெரிய அறையில் விட்டால் அது இரை பிடித்ததா, தோல் உரித்ததா என்று வடிவாகப் பார்க்கவும் முடியாது.

அறை நீளம் கால் அகலத்தில் மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு என்பது அடுத்த கணக்கு. சாக்கோவுக்கு 54 செ.மீ. வேண்டும். மூன்றாகப் பிரித்தால் 40 கூடத் தேறாது. இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 59 வரும்.

பிரிஸ்பேன்_செல்வி

கம்பிவலை பற்றி நான் சொல்ல வேண்டும். முத்து, தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

என்னிடம் குயின்ஸ்லாந்தின் சீழ்க்கைச் சிலந்தி ஒன்று இருந்தது, செலனோகோஸ்மியா கிராசிபெஸ். சீண்டினால் வாயுறுப்புகளை உரசி சத்தமெழுப்பும். அதற்கும் இரண்டடி மீன் தொட்டிதான், வலை மூடிதான். ஒரு காலையில் பார்த்தேன், ஒரு காலின் நகம் வலையில் மாட்டி உடல் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. கால் நுனியில் இரண்டு வளைந்த நகங்கள் இருக்கின்றன, அவை வலைக் கண்ணில் நுழைந்தால் இலகுவில் வெளியே வராது. நான் எழும்புவதற்குள் எவ்வளவு நேரம் அப்படித் தொங்கியதோ தெரியாது. என் கண் முன்னால் அந்தக் காலை விட்டுவிட்டுக் கீழே விழுந்தது. கால் போனது பிரச்சினை இல்லை, அடுத்தடுத்த தோலுரிப்பில் திரும்ப வளர்ந்துவிடும். விழுந்ததில் வயிறு கிழிந்தது. சோளமாவு தூவிப் பார்த்தேன், கசிவு நிற்கவில்லை. அன்று மாலைக்குள் போய்விட்டது. ஏழு வருடம் என்னோடு இருந்தது.

வலைக்கு இன்னொரு குறையும் உண்டு. மெல்லிய அலுமினிய வலை, பிளாஸ்டிக் வலை இரண்டையும் பல்லால் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

மில்டன்கீன்ஸ்_முத்து

செல்வி அக்கா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. வலை வேண்டாம், முடிவு செய்துவிட்டேன். இரண்டு அறை என்பதும் சரி.

மண் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 120 க்கு 44, உயரம் 23. ஏறக்குறைய 120 லிட்டர் மண்! இவ்வளவையும் தாங்குமா? தடுப்பையும் மாற்றச் சொல்கிறீர்கள், அக்ரிலிக் வேண்டாம் என்றால் வேறு என்ன? கசிகிற மூலையை அப்படியே விடலாமா?

குளத்தூர்_தொட்டிக்காரர்

சார், நான் சிலந்தி வளர்த்ததில்லை. சென்னை குளத்தூரில் மீன் தொட்டி ஒட்டுகிற வேலை, 14 வருஷமாக. கண்ணாடி பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாரம் பற்றிக் கவலையே வேண்டாம். அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் 230 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தாங்கத்தான் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் போடும் மண் அதைவிடக் குறைவுதான். ஆனால் தாங்கி மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அடிக் கண்ணாடிக்குக் கீழே தெர்மோகோல் ஷீட் ஒன்று விரியுங்கள். மண் போட்ட பிறகு தொட்டியை நகர்த்தவே கூடாது. தொட்டி விரிசல் விடுவது பெரும்பாலும் நிரப்பி வைத்துத் தள்ளும்போதுதான்.

அக்ரிலிக் தகட்டைக் கண்ணாடியோடு சிலிகான் பிடிக்காது. ஒட்டின மாதிரி இருக்கும், ஆறு மாதத்தில் ஓரம் கிளம்பும். ஈரம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் வளையவும் செய்யும். 6 மி.மீ. கண்ணாடி வெட்டி வாங்குங்கள், வெட்டும்போதே இரண்டு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள், ஓரம் தேய்த்து வாங்குங்கள். அந்த இடைவெளியில்தான் சிலிகான் உட்காரும். இறுக்கமாக வெட்டி இடித்து நுழைத்தால் ஒரு நாள் பெரிய கண்ணாடி பிளக்கும்.

தடுப்பு உட்காரும் கோட்டை பிளேடால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு புறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு சிலிகான் விடுங்கள். மூலைகளில் பழைய சிலிகான் குறுக்கே வரும், அதை அந்த இடத்தில் மட்டும் முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள். காய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான் பிடிக்காது. கசிவுக்காரர்கள் பத்தில் எட்டுப் பேர் பழசின் மேலேயே புதுசை அப்பியிருப்பார்கள். உங்கள் பின் மூலையையும் இதே முறையில் வெட்டி எடுத்து ஒட்டிவிடுங்கள். தண்ணீர் இல்லை என்றாலும் மண் பக்கவாட்டில் தள்ளும், கிளம்பிய ஜாயின்ட் மேலும் கிளம்பும்.

சிலிகான் வாங்கும்போது மீன் தொட்டிக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். குளியலறை சிலிகானில் பூஞ்சை வராமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். ஒட்டின பிறகு வினிகர் வாசனை வரும். அது அடியோடு போகும் வரை உயிர் எதையும் உள்ளே விடாதீர்கள். நான் மீனுக்கே ஒரு வாரம் விடுவேன்.

மண்ணை இரண்டு அறையிலும் சேர்ந்தாற்போல் ஏற்றுங்கள். ஒரு பக்கம் 23 செ.மீ. நிரப்பிவிட்டு மறுபக்கம் காலியாக விட்டால் தடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படும்.

ஹாரோ_வன்னியன்

அண்ணை, பொன்னான பதிவு. நான் ஐந்து தொட்டி பிரித்திருக்கிறேன். முதல் இரண்டும் அக்ரிலிக், நீங்கள் சொன்ன மாதிரியே ஓரம் கிளம்பியது.

மண் பற்றிச் சொல்கிறேன். கோகோ பீட் மட்டும் போட்டால் காய்ந்ததும் தூளாகி, தோண்டும் வளை இடிந்து விழும். உரம், பூச்சிமருந்து எதுவும் சேராத மேல்மண் மூன்று பங்கு, கோகோ பீட் ஒரு பங்கு எடுங்கள். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும், ஒன்றே போதும். பொள்ளாச்சியிலிருந்து வரும் கட்டிகள் இங்கே தோட்டக் கடைகளிலேயே கிடைக்கின்றன. உரமூட்டியது என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

ஊறின பீட்டை நன்றாகப் பிழிந்து ஒரு வாரம் பரப்பிக் காயவையுங்கள். இது மீன் தொட்டி, அடியில் வடிகால் கிடையாது. ஈரமாகப் போட்டால் 23 செ.மீ. ஆழத்தில் மாதக்கணக்கில் காயாமல் புளித்துப் போகும். உள்ளங்கையில் பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும், கை நனையக்கூடாது. ஐந்து செ.மீ. போட்டுக் கையால் அழுத்தி, அடுத்த ஐந்து போட்டு அழுத்தி ஏற்றுங்கள். மரப்பட்டையோ ஓட்டுத் துண்டோ ஒதுங்கிடமாக வைத்தால் அடியில் கெட்டியாகப் பதித்து வையுங்கள். அதன் கீழே தோண்டிச் சரிந்தால் நசுங்கிவிடும். கல் வேண்டவே வேண்டாம்.

லெஸ்டர்_மலர்

எல்லோரும் எப்படிச் செய்வது என்று சொல்கிறீர்கள். செய்யத்தான் வேண்டுமா என்று நான் கேட்கிறேன்.

இரண்டு சிலந்தி ஒரே தொட்டியில் என்றால் ஒன்றைத் தனியாக எடுத்து நகர்த்த முடியாது. ஒரு அறையில் பூச்சி வந்தால் மற்ற அறைக்கும் வரும். எனக்கு ஃபோரிட் ஈ (அழுகலில் பெருகும் சின்ன ஈ) வந்தது ஒரு பெட்டியில். இறந்த வெட்டுக்கிளி ஒன்றை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டதால். அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக் கொட்டிக் கழுவி முடித்தேன். 120 லிட்டர் மண்ணை முத்து எப்படிக் கொட்டுவார்?

அடுத்தது காற்று. மீன் தொட்டிக்கு மேலே மட்டும்தான் திறப்பு. கீழே பக்கவாட்டில் துளை இல்லாததால் அடிக்காற்று தேங்கும். ஈரம் கேட்கும் இனத்தை அதில் வைத்தால் பூஞ்சைதான்.

ஹாரோ_வன்னியன்

மலர் சொல்வதில் காற்று விஷயம் முழுக்க உண்மை. அதனால்தான் இந்தத் தொட்டிக்கு எந்தச் சிலந்தி என்று யோசிக்க வேண்டும், என்னிடம் உள்ள சிலந்திக்கு இந்தத் தொட்டியை எப்படி வளைப்பது என்று அல்ல. முத்துவிடம் இருக்கும் சாக்கோ, பராகுவே, அர்ஜென்டினா பக்கத்து வறண்ட புல்வெளிக்காரி. காய்ந்த மண், ஒரு தண்ணீர்க் கிண்ணம், போதும். சுருள்முடி மத்திய அமெரிக்காவிலிருந்து வருவது, கொஞ்சம் ஈரம் பிடிக்கும், ஆனால் கிண்ணத்தை வாரம் ஒருமுறை வழிய ஊற்றி ஒரு மூலையை நனைத்தால் அதற்குக் காணும். இரண்டுக்கும் இந்தத் தொட்டி ஒத்துவரும். மரத்தில் வாழும் இனத்துக்கு இது ஆகவே ஆகாது, அவற்றுக்கு மண் ஆழம் அல்ல, உயரம்தான் வேண்டும்.

பூச்சி வரும் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சாக்கோவுக்கு இவ்வளவு ஆழமான மண் கொடுக்கும் வசதி கடைப் பெட்டிகளில் எங்கே இருக்கிறது? காட்டில் அவை வளை தோண்டி வாழ்கின்றன. என் சாக்கோ 25 செ.மீ. மண்ணில்தான் முதன்முதலாக முழு வளை தோண்டினாள்.

லெஸ்டர்_மலர்

ஆழமான மண்ணுக்காக என்றால் ஏற்றுக்கொள்கிறேன். பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்பதற்காக என்றால் இல்லை. டாரன்டுலாவுக்கு வெற்றிடம் சுகம் இல்லை, அதன் சுகம் ஒடுங்கிய வளைதான்.

இரண்டு நிபந்தனை வைக்கிறேன். ஒன்று, அறைக்கு ஒரு மூடி. முழு நீள மூடி வைத்தால் சாக்கோவுக்குத் தீனி போடத் திறக்கும்போது சுருள்முடியின் அறையும் திறந்துவிடும், உங்கள் கண் ஒரு பக்கம்தான் இருக்கும். தடுப்பின் மேல் விளிம்பு மூடியைத் தொட வேண்டும், நூலளவு சந்து இருந்தாலும் அடைக்க வேண்டும். மூடிக்குப் பூட்டும் போடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறாள்.

இரண்டு, தொட்டியின் பழைய கதையைக் கேளுங்கள். மீன் மட்டும்தான் இருந்ததா? இடையில் பாம்போ பல்லியோ வைத்து, உண்ணிக்கு மருந்து அடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். பூனை நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்தாகக் கழுத்தில் விடுகிறார்களே, ஃபிப்ரோனில், நாய்க்கு மட்டும் விடும் பெர்மெத்ரின், அவையெல்லாம் சிலந்தியையும் கொல்லும். பூனையைத் தடவிய கையோடு தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றாதீர்கள்.

மில்டன்கீன்ஸ்_முத்து

நண்பரிடம் கேட்டுவிட்டேன். எட்டு வருடமும் தங்கமீன்தான், வேறெதுவும் இல்லை. மீனுக்கு இரண்டொரு முறை மருந்து போட்டதாகச் சொன்னார். வீட்டில் பூனை நாய் கிடையாது.

வினிகர் போட்டு உப்புக்கறையை ஊறவைத்துச் சுரண்டி, வெந்நீரில் மூன்று முறை கழுவினேன். சோப்பு போடவில்லை. இப்போது காய்கிறது.

குளத்தூர்_தொட்டிக்காரர்

நல்லது சார். மூடிக்கும் கண்ணாடியே போடுங்கள். அறைக்கு ஒரு 6 மி.மீ. கண்ணாடி, பின் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் 2 மி.மீ. வட்டத் துளை போட்ட அலுமினியத் தகடு. அது வலை இல்லை, தட்டையான தகடு, நகம் மாட்டாது என்று நினைக்கிறேன், செல்வி அக்கா சொல்லட்டும். கடை ஷோகேஸில் மாட்டுகிற சின்னப் பூட்டு கண்ணாடிக்குப் பொருந்தும். பழைய தொட்டிக் கண்ணாடியில் துளை போட மட்டும் முயலாதீர்கள். அடிக் கண்ணாடி டெம்பர் செய்ததாக இருந்தால் டிரில் பட்டதும் முழுசும் சுக்கல் சுக்கலாகப் போகும்.

எனக்கும் ஒரு கேள்வி. இங்கே என் கடைக்கு வரும் பசங்க சிலர் சிலந்தி வளர்க்க தொட்டி கேட்கிறார்கள். சென்னையில் வளர்க்கலாமா?

பிரிஸ்பேன்_செல்வி

சிறு வட்டத் துளைத் தகடு பரவாயில்லை, நான் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன். துளையின் பிசிறைத் தேய்த்துவிடுங்கள்.

ஹாரோ_வன்னியன்

தொட்டிக்காரர் அண்ணை, அவர்களிடம் முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள். பிராகிபெல்மா, டிலில்டோகாட்டில் போன்றவை சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் பட்டியல் விலங்கு எதை வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கான விதிகள் 2024ல் வந்தன, ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு. முத்துவும் தன் சுருள்முடிக்கும் சிவப்புமுழங்காலுக்கும் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

காட்டிலிருந்து பிடித்து வந்ததை யார் விற்றாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டிலேயே பொய்சிலோதீரியா என்ற அழகான மரச் சிலந்திகள் இருக்கின்றன. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பின் பெயரையே வைத்து 2004ல் ஒரு இனத்தைப் பதிவு செய்தார்கள், பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. புளிய மரப் பொந்துகளில் வாழ்வது. மிக அருகிய இனம். அந்தப் பேரினம் முழுவதையும் 2019ல் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தார்கள். பத்துப் பேர் ஆளுக்கொன்று பிடித்துப் போனால் ஒரு தோப்பே வெறுமையாகிவிடும். அவற்றை மரத்தில் விட்டே பார்க்க வேண்டும்.

குளத்தூர்_தொட்டிக்காரர்

இது எனக்குத் தெரியாது சார். இராமேசுவரம் எங்கள் அம்மா ஊர். இனி கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

பிரிஸ்பேன்_செல்வி

முத்து, சூடு பற்றி யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் தொட்டிக்கு அடியில் சூட்டுப் பாய் வைத்துவிடாதீர்கள். வெக்கை பட்டால் டாரன்டுலா கீழே தோண்டித் தப்பிக்கும், கீழேதான் சூடு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் வீடு 20 பாகைக்கு மேல் இருந்தால் இந்த இரண்டுக்கும் தனிச் சூடே தேவையில்லை. தொட்டியை ரேடியேட்டர் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் வெயில் அடித்தால் அடுப்பாகிவிடும். திறக்கும்போது குனிந்து முகத்தை உள்ளே நீட்டாமல் கண்ணாடி அணிந்து, 30 செ.மீ. இடுக்கியால் வேலை செய்யுங்கள். உங்கள் இரண்டும் அரிக்கும் முடியை உதறுகிறவை. கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டிவரும்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: மேற்கு ஆஸ்திரேலியாவில் 1974 முதல் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் பொறிக்கதவுச் சிலந்திகளை வளை வளையாகக் குறித்துப் பார்த்துவந்தார். அதில் 16ஆம் எண் பெண் சிலந்தி 43 வருடம் வாழ்ந்தது. அத்தனை வருடமும் ஒரே வளையில். டாரன்டுலாவின் தூரத்து உறவு அது. உங்கள் சாக்கோவும் இருபது வருடம் இருக்கக்கூடியவள், மகள் கல்லூரி முடிக்கும்போதும் அந்தத் தொட்டியில் இருப்பாள்.

மில்டன்கீன்ஸ்_முத்து

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், மண் காயவே இரண்டு வாரம் ஆனது.

ஒரு தடுப்பு, இரண்டு அறை, இரண்டு மூடி, இரண்டு பூட்டு. பின் மூலையின் சிலிகானை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். வாசனை போக ஒன்பது நாள் ஆனது. மண் ஏற்றும்போது இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்றினேன், மகள் ஒரு பக்கம் அழுத்தினாள். சிவப்புமுழங்கால் குட்டி பெட்டியிலேயே இருக்கிறது.

முதலில் சுருள்முடியை விட்டேன். நான் வைத்த மரப்பட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதே இரவு வேறு மூலையில் தோண்டத் தொடங்கிவிட்டாள். சாக்கோ பத்து நாள் ஒரே இடத்தில் நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது, வன்னியன் அண்ணனுக்குத் தனிமடல் போட்டேன். விட்டுப் பாருங்கள் என்றார். பதினோராம் நாள் வளை ஆரம்பமானது.

ஹாரோ_வன்னியன்

சந்தோஷம் தம்பி. சுருள்முடி கண்ணாடியோரம் தோண்டினாளா? அப்படியென்றால் அந்த இடத்தில் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒன்றைக் கீல் மாதிரி ஒட்டிவிடுங்கள். வெளிச்சம் விழுந்தால் பட்டுநூல் கட்டி அந்தப் பக்கத்தை மறைத்துவிடுவாள், இல்லையென்றால் வளையையே மாற்றிவிடுவாள். தாள் இருந்தால் இருட்டென்று நம்பி அங்கேயே இருப்பாள், நீங்கள் இரவில் மெதுவாக விலக்கிப் பார்க்கலாம்.

மில்டன்கீன்ஸ்_முத்து

ஒட்டிவிட்டேன் அண்ணா. மகள் தினமும் படுக்கப் போகுமுன் அரை நிமிடம் தாளைத் தூக்கிப் பார்க்கிறாள். மூன்று வாரமாகச் சுருள்முடி தீனியைத் தொடவில்லை, மலர் எழுதியதை நினைத்து வெட்டுக்கிளியை அன்றன்றே எடுத்துவிட்டேன். நேற்று இரவு வளையின் அடியில் மல்லாந்து கிடந்தாள். மகள் செத்துவிட்டது என்று அழுதாள். தோல் உரிக்கிறாள், தொடக்கூடாது என்று சொல்லி விளக்கை அணைத்தேன். இன்று காலை பழைய தோல் வளை வாசலில் கிடக்கிறது, எட்டுக் காலும் முழுசாக.

அடுத்த தீனி எப்போது போடலாம்?

லெஸ்டர்_மலர்

பற்கள் வெள்ளையாக இருக்கும் வரை போடாதீர்கள். கருத்த பிறகு, இந்த அளவுச் சிலந்திக்கு இரண்டு வாரம் கழித்து. அதுவரை தண்ணீர்க் கிண்ணம் மட்டும் நிறைந்திருக்கட்டும்.